'விசேஷம் உண்டா?': கருத்தரிக்க ஏற்ற நாட்களை உடல் எப்படிக் காட்டுகிறது? சார்ட் எதைச் சொல்லும், எதைச் சொல்லாது?

"என்னம்மா, ஏதாச்சும் விசேஷம் உண்டா?"

கல்யாணம் ஆகி ஆறு மாதம் தாண்டினால் போதும், இந்தக் கேள்வி வந்துவிடும். மாட்டுங்காவில் பூ வாங்கும்போது வரும். செம்பூர் சேடா நகர் முருகன் கோயில் படியில் வரும். தாராவி 90 அடி ரோட்டில் காய்கறி பொறுக்கும்போது வரும். எங்கேயும் வரவில்லை என்றால், ஞாயிற்றுக்கிழமை ஊரிலிருந்து வரும் போனில் வரும்.

கேட்பவர்களுக்கு அது ஒரு நலம் விசாரிப்பு. குழந்தைக்காகக் காத்திருக்கும் பெண்ணுக்கு அப்படி இல்லை. அவள் போனில் ஏற்கெனவே ஒரு ஆப் இருக்கும். அதில் பச்சை நிறத்தில் சில நாட்கள் குறிக்கப்பட்டிருக்கும். குளியலறை அலமாரியில் ஒரு சோதனைக் குச்சிப் பாக்கெட், தலையணைக்குக் கீழே ஒரு தெர்மாமீட்டர். ஒவ்வொரு மாதமும் பீரியட்ஸ் வரும் நாளில், 'நாம எங்கேயோ கணக்கைத் தப்பாப் போட்டுட்டோமோ' என்ற சந்தேகம்.

தமிழில் கர்ப்பத்தைக் குறிக்கும் பேச்சு வழக்குகளே நாள் கணக்கிலிருந்து வந்தவைதான். 'நாள் தள்ளிப் போயிருக்கு' என்கிறோம். 'முழுகாம இருக்கா' என்கிறோம். மாதவிடாய் முடிந்து தலைமுழுகுவது நின்றுபோனதே பாட்டி காலத்துப் பெண்களுக்குச் சோதனை முடிவு. ஆகவே கணக்கு வைப்பது புதிதல்ல. தெர்மாமீட்டரும் ஹார்மோன் குச்சியும் ஆப்பும்தான் புதிது. இவை எதைச் சரியாகச் சொல்கின்றன, எங்கே கோட்டை விடுகின்றன என்பதை எண்களோடு பார்க்கலாம்.

மாதத்தில் உண்மையில் எத்தனை நாள்?

ஆறு நாள். அவ்வளவுதான்.

சினைப்பையிலிருந்து வெளியே வரும் கருமுட்டைக்கு ஆயுள் 12 முதல் 24 மணி நேரம். ஆனால் விந்தணு, சூழல் சாதகமாக இருந்தால், பெண்ணின் உடலுக்குள் ஐந்து நாள் வரை உயிரோடு இருக்கும். எனவே கருமுட்டை வெளியேறும் நாளும், அதற்கு முந்தைய ஐந்து நாட்களும் சேர்ந்ததே கருத்தரிக்கும் காலம்.

இதை எண்ணிக்கையோடு நிறுவியது 1995இல் வெளியான ஓர் ஆய்வு. ஆலன் வில்காக்ஸ் தலைமையிலான குழு, அமெரிக்காவின் வட கரோலினாவில் குழந்தைக்கு முயன்றுகொண்டிருந்த 221 பெண்களிடம் தினமும் சிறுநீர் மாதிரி வாங்கியது. ஹார்மோன் அளவை வைத்துக் கருமுட்டை வெளியேறிய நாளைக் கண்டுபிடித்தது. மொத்தம் 625 சுழற்சிகள், 192 கர்ப்பங்கள். கருமுட்டை வெளியேறுவதற்கு ஐந்து நாள் முன்பு உறவு கொண்டால் கருத்தரிக்கும் வாய்ப்பு சுமார் 10%. வெளியேறும் நாளில் சுமார் 33%. அதற்கு மறுநாளிலிருந்து ஒரு கர்ப்பம்கூட இல்லை.

இந்தக் கடைசி வரியில்தான் விஷயமே இருக்கிறது. கருமுட்டை வெளியேறிவிட்டது என்று தெரிந்த பிறகு முயல்வதில் பயனில்லை. முன்கூட்டியே தெரிய வேண்டும்.

'14ஆம் நாள்' கணக்கு எங்கிருந்து வந்தது?

பள்ளிப் பாடப் புத்தகத்தில் 28 நாள் சுழற்சி, 14ஆம் நாள் கருமுட்டை என்று படித்திருப்போம். இந்தக் கணக்குக்கு வித்திட்டவர்கள் இருவர். ஜப்பானைச் சேர்ந்த கியூசாகு ஓகினோ, ஆஸ்திரியாவைச் சேர்ந்த ஹெர்மன் க்னாஸ். 1920களில் இருவரும் தனித்தனியாக ஒரே உண்மையை நெருங்கினார்கள்: கருமுட்டை வெளியேறும் நாளை முந்தைய பீரியட்ஸிலிருந்து முன்னோக்கி எண்ணக் கூடாது, அடுத்த பீரியட்ஸிலிருந்து பின்னோக்கி எண்ண வேண்டும். சுமார் இரண்டு வாரம் பின்னோக்கி.

28 நாள் சுழற்சி உள்ளவருக்கு இரண்டு வழியில் எண்ணினாலும் 14தான் வரும். மற்றவர்களுக்கு வராது. அந்த மற்றவர்கள் எத்தனை பேர்?

2019இல் ஒரு சுழற்சிக் கணக்கு ஆப்பின் தரவை ஆராய்ச்சியாளர்கள் அலசினார்கள். 1,24,648 பெண்கள், 6,12,613 சுழற்சிகள். சராசரி நீளம் 29.3 நாள். சரியாக 28 நாள் இருந்தவை 13% மட்டுமே. பீரியட்ஸ் தொடங்கியதிலிருந்து கருமுட்டை வெளியேறும் வரையிலான முதல் பாதி சராசரியாக 16.9 நாள், பிற்பாதி 12.4 நாள். சுழற்சி நீள்வதும் சுருங்குவதும் பெரும்பாலும் முதல் பாதியால்தான். பின்பாதி ஓரளவு நிலையானது.

வில்காக்ஸ் குழு 2000இல் வெளியிட்ட இன்னொரு ஆய்விலும் இதே கதை. மருத்துவக் கையேடுகள் சொல்லும் 10 முதல் 17ஆம் நாள் வரையிலான எல்லைக்குள் முழுவதுமாக அடங்கிய கருத்தரிப்புக் காலம், சுமார் 30% பெண்களுக்கு மட்டுமே இருந்தது.

தொல்காப்பியம் முதல் ராமநகரம் மணிமாலை வரை

நாள் கணக்கில் நமக்கு நீண்ட வரலாறு உண்டு. தொல்காப்பியம் பொருளதிகாரத்தின் கற்பியல் ஒரு விதி சொல்கிறது: பரத்தையிடம் பிரிந்து போன கணவனாக இருந்தாலும், மனைவிக்குப் பூப்பு நிகழ்ந்ததை ஒட்டிய பன்னிரண்டு நாட்கள் அவளை நீங்கி இருப்பது அறம் அல்ல. கருத்தரிக்கும் காலம் என்பதே இதற்கு உரையாசிரியர்கள் தரும் காரணம். அந்தப் பரத்தையர் பிரிவை இன்று நாம் ஏற்கமாட்டோம். ஆனால் கருத்தரிப்பை ஒரே நாளாகப் பார்க்காமல் ஒரு காலப்பகுதியாகப் பார்த்த பார்வை கவனிக்கத்தக்கது.

சுதந்திர இந்தியாவின் சோதனை இன்னும் சுவாரசியமானது, ஆனால் நோக்கம் நேர் எதிர். குடும்பக் கட்டுப்பாட்டுக்கு என்ன வழி என்ற கேள்வி எழுந்தபோது, சுகாதார அமைச்சர் ராஜ்குமாரி அம்ரித் கௌர் காந்திய வழியில் நின்றார். கருவி, மருந்து வேண்டாம், நாள் பார்த்து விலகியிருக்கும் முறையே போதும் என்றார். உலக சுகாதார நிறுவனம் 1951இல் ஆபிரகாம் ஸ்டோன் என்ற அமெரிக்க மருத்துவரை அனுப்பியது. டெல்லி லோதி காலனியிலும், அன்றைய மைசூர் மாநிலத்தின் ராமநகரத்திலும் 1952இல் சோதனை தொடங்கியது. ஆமாம், பின்னாளில் 'ஷோலே' எடுக்கப்பட்ட அதே பாறைக்காட்டு ராமநகரம்தான்.

எழுதப் படிக்கத் தெரியாத பெண்களுக்காக ஒரு மணிமாலை தயாரானது. வண்ண மணிகள். தினமும் ஒரு மணியைத் தள்ள வேண்டும். ஒரு நிறம் வந்தால் உறவு கொள்ளலாம், இன்னொரு நிறம் வந்தால் கூடாது. ஆர்வம் காட்டியவர்கள் பலர். தொடர்ந்து கடைப்பிடித்தவர்கள் மிகச் சிலர். திட்டம் எடுபடவில்லை.

மணிகளை மட்டும் குறை சொல்ல முடியாது. அடுத்த சுழற்சியும் முந்தையது போலவே இருக்கும் என்ற அனுமானமும் சேர்ந்து தடுக்கியது. இன்றைய ஆப்கள் பலவும், பச்சை வட்டமும் இளஞ்சிவப்பு வட்டமும் காட்டிக்கொண்டு, அதே அனுமானத்தில்தான் ஓடுகின்றன.

அதற்கு அடுத்த இந்திய அத்தியாயம் பெங்களூரு. 1970களின் பிற்பகுதியில் உலக சுகாதார நிறுவனம் ஐந்து ஊர்களில் ஓர் ஆய்வு நடத்தியது: ஆக்லாந்து, பெங்களூரு, டப்ளின், மணிலா, எல் சால்வடாரின் சான் மிகுவல். நாட்காட்டியை விட்டுவிட்டு, உடலே காட்டும் அறிகுறியைப் பெண்களால் அடையாளம் காண முடியுமா என்பதுதான் கேள்வி. 1981இல் முடிவு வந்தது. 869 பெண்களில் சுமார் 93% பேர், கற்றுக்கொடுத்த முதல் சுழற்சியிலேயே அடையாளம் கண்டு குறித்துவிட்டார்கள். அவர்களில் எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் பலர்.

அந்த அறிகுறி என்ன?

அறிகுறி 1: கருப்பைவாய்த் திரவம்

நாம் 'வெள்ளைப்படுதல்' என்று சொல்வதன் ஒரு பகுதி இது. அந்தச் சொல்லைக் கேட்டாலே நம் வீடுகளில் ஒரு பயம் உண்டு. 'உடம்பு உருகிப் போகுது', 'சூடு', 'பலவீனம்' என்பார்கள். உண்மையில், மாதத்தின் நடுவில் சில நாட்கள் வரும் தெளிந்த, வழுக்கும் திரவம் நோயே அல்ல. ஈஸ்ட்ரோஜன் ஹார்மோன் உயர்கிறது, கருமுட்டை தயாராகிறது என்பதற்கான செய்தி அது.

பீரியட்ஸ் முடிந்ததும் சில நாள் வறட்சியாக இருக்கும். பிறகு பசை போல, க்ரீம் போலத் தொடங்கும். கருமுட்டை வெளியேறும் நாள் நெருங்க நெருங்கத் தெளிவாகி, இரண்டு விரலுக்கு நடுவே இழுத்தால் அறுந்து போகாமல் நீளும். முட்டையின் வெள்ளைக்கரு போல என்று மருத்துவர்கள் சொல்வார்கள். முட்டை நுழையாத மாட்டுங்கா வீடுகளில் வளர்ந்தவர்களுக்கு, நறுக்கிய வெண்டைக்காயின் கொழகொழப்பை நினைத்துக்கொண்டால் போதும். இந்த வழுக்கல் நாட்கள்தான் விந்தணுவுக்குச் சாலை திறந்திருக்கும் நாட்கள். கருமுட்டை வெளியேறியதும் திரவம் மறுபடி கெட்டியாகிவிடும்.

இதற்குச் செலவு பூஜ்யம். முன்கூட்டியே தகவல் தருவது இதன் பெரிய பலம். ஆனால் அரிப்பு, துர்நாற்றம், தயிர் போலத் திரிந்த அல்லது பச்சை நிறத் திரவம் என்றால் அது தொற்றாக இருக்கலாம். சார்ட்டில் குறித்து வைத்துக்கொண்டு காத்திருக்காமல் டாக்டரிடம் போக வேண்டும்.

அறிகுறி 2: அதிகாலை உடல் வெப்பநிலை

கருமுட்டை வெளியேறிய பிறகு புரோஜெஸ்டிரோன் ஹார்மோன் சுரக்கும். அது உடலின் ஓய்வு வெப்பநிலையை 0.2 முதல் 0.5 டிகிரி செல்சியஸ் வரை உயர்த்தும். ஃபாரன்ஹீட்டில் சுமார் 0.4 முதல் 0.9 வரை. காய்ச்சல் பார்க்கும் சாதாரண தெர்மாமீட்டருக்கு இந்த வித்தியாசம் பிடிபடுவது சிரமம். இரண்டு தசம இலக்கம் காட்டும் தெர்மாமீட்டர் தேவை.

கண் விழித்ததும், எழுந்திருக்கும் முன், பேசும் முன், தண்ணீர் குடிக்கும் முன் எடுக்க வேண்டும். தினமும் ஏறக்குறைய ஒரே நேரத்தில். அதற்கு முன் தொடர்ச்சியாகக் குறைந்தது மூன்று மணி நேரமாவது தூங்கியிருக்க வேண்டும். முந்தைய ஆறு நாட்களின் உச்சத்தைவிட அடுத்தடுத்து மூன்று நாள் வெப்பநிலை கூடுதலாகப் பதிவாகி, மூன்றாம் நாள் 0.2 டிகிரி செல்சியஸாவது கூடியிருந்தால், கருமுட்டை வெளியேறிவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாம்.

கவனியுங்கள்: வெளியேறி'விட்டது'. தெர்மாமீட்டர் செய்தி சொல்லும்போது அந்த மாத ரயில் கிளம்பிப் போயிருக்கும். அப்படியென்றால் எதற்கு எடுக்க வேண்டும்? இரண்டு காரணம். ஒன்று, கருமுட்டை வெளியேறுகிறதா இல்லையா என்பது தெரியும். இரண்டு, மூன்று நான்கு மாத சார்ட்டைப் பார்த்தால் உங்கள் பிற்பாதி எத்தனை நாள் என்பது புரியும். உயர்ந்த வெப்பநிலை 18 நாளுக்கு மேல் இறங்காமல் இருந்தால், கர்ப்பச் சோதனை செய்து பார்க்கலாம்.

காய்ச்சல், மது, தூக்கமில்லாத இரவு எல்லாம் இந்தக் கோட்டைக் குலைக்கும். நைட் ஷிஃப்ட் வேலையில் இருப்பவர்கள், பகலோ இரவோ, தங்கள் நீண்ட தூக்கத்திலிருந்து விழிக்கும்போது எடுக்கலாம். ஷிஃப்ட் வாரத்துக்கு வாரம் மாறினால் இந்த முறையை நம்பி இருக்க வேண்டாம்.

அறிகுறி 3: எல்.எச். ஹார்மோன் குச்சி

மருந்துக்கடையில் 'ஓவுலேஷன் கிட்' என்று கேட்டால் கிடைப்பது இதுதான். கருமுட்டையை வெளியே தள்ளும் எல்.எச். ஹார்மோன் திடீரென்று உயர்வதைச் சிறுநீரில் கண்டுபிடிக்கும். உயர்வு தொடங்கி ஏறக்குறைய 24 முதல் 36 மணி நேரத்தில் கருமுட்டை வெளியேறும். கோடு அழுத்தமாக வந்த நாளும் மறுநாளும் முக்கியம்.

ஒரு எச்சரிக்கை. பி.சி.ஓ.எஸ். உள்ள பலருக்கு எல்.எச். எப்போதுமே சற்றுக் கூடுதலாக இருக்கும். குச்சி நாள் கணக்கில் 'பாசிட்டிவ்' காட்டும், கருமுட்டை வெளியேறவே செய்யாது. இங்கேதான் தெர்மாமீட்டர் உதவிக்கு வரும். குச்சி பாசிட்டிவ், ஆனால் வெப்பநிலை உயரவில்லை என்றால், அந்தச் சார்ட்டை எடுத்துக்கொண்டு மருத்துவரைப் பாருங்கள்.

ஆறு மாதச் சார்ட்: ஒரு கணக்கு

செம்பூரில் வசிக்கும் ஒரு பெண்ணின் கடைசி ஆறு சுழற்சிகள் இப்படி என்று வைத்துக்கொள்வோம்: 27, 31, 29, 34, 28, 30 நாட்கள். பார்த்தால் 'ரெகுலர்'தான். சராசரி 29.8, அதாவது 30.

வெறும் சராசரியை நம்பும் ஆப் என்ன செய்யும்? 30இலிருந்து 14ஐக் கழித்து, 16ஆம் நாள் என்று சொல்லும். பச்சை வட்டம் 11 முதல் 16 வரை.

அவருடைய பிற்பாதி 13 நாள் என்று தெர்மாமீட்டர் சார்ட் காட்டுகிறது என்று கொண்டால், கருமுட்டை உண்மையில் வெளியேறிய நாட்கள் 14, 18, 16, 21, 15, 17. ஆறு மாதத்தில் ஆப் சொன்ன நாள் சரியாக அமைந்தது ஒரே ஒரு முறை. 34 நாள் சுழற்சியில் உண்மையான கருத்தரிப்புக் காலம் 16 முதல் 21 வரை. ஆப்பின் பச்சை வட்டமோ 16ஆம் நாளோடு முடிகிறது. அந்த மாதம் தம்பதி ஆப்பை மட்டும் பார்த்திருந்தால், வாய்ப்பு அதிகமுள்ள நாட்கள் எல்லாம் கை நழுவியிருக்கும். பிறகு 'இந்த மாசமும் இல்லை' என்று அழுதிருப்பார்கள்.

இது கற்பனைக் கணக்கு. ஆனால் நிஜ ஆய்வும் இதையே சொல்கிறது. நாட்காட்டிக் கணக்கும் ஆப்பும் கருமுட்டை நாளை எவ்வளவு துல்லியமாகக் கணிக்கின்றன என்று பார்த்த 2018 ஆய்வில், துல்லியம் அதிகபட்சமே 21%.

அதே சார்ட் இன்னொரு தவறையும் தடுக்கும். 'டே 21 புரோஜெஸ்டிரோன்' என்று ஒரு ரத்தப் பரிசோதனை எழுதித் தருவார்கள். அடுத்த பீரியட்ஸுக்கு ஏழு நாள் முன்பு எடுப்பதுதான் அதன் நோக்கம். 28 நாள் சுழற்சிக்கு 21 சரி. 35 நாள் சுழற்சி உள்ளவர் 28ஆம் நாள் எடுக்க வேண்டும். 21இல் எடுத்தால், எல்லாம் நன்றாக இருந்தாலும் 'கருமுட்டை வெளியேறவில்லை' என்று ரிப்போர்ட் வரக்கூடும். சோதனைக்கு முன் உங்கள் சுழற்சி நீளத்தை டாக்டரிடம் சொல்லுங்கள்.

மும்பை வீட்டில் இது நடக்குமா?

அறிவுரைகள் எல்லாம் தனிப் படுக்கையறையை மனதில் வைத்து எழுதப்பட்டவை. தாராவியில் ஒரே அறையில் மாமனார், மாமியார், கொழுந்தன், தம்பதி எல்லோரும் படுக்கும் வீட்டில் விழித்ததும் வாயில் தெர்மாமீட்டர் வைத்தால், 'காய்ச்சலா?' என்று நாலு பேர் கேட்பார்கள். பொதுக் கழிப்பறை வரிசையில் நின்று போகிற பெண் நிதானமாகத் திரவம் பார்ப்பதும், குச்சியை வைத்து ஐந்து நிமிடம் காத்திருப்பதும் எளிதல்ல. செம்பூரில் ஒன் பிஹெச்கே எடுத்தவர்களுக்கும் ஊரிலிருந்து ஆள் வந்துவிட்டால் அதே நிலைமைதான்.

இந்த நிலையில் எளிய வழி ஒன்று இருக்கிறது. எதையும் குறிக்காமல், பீரியட்ஸ் முடிந்ததிலிருந்து அடுத்த இரண்டு வாரம், ஒன்றுவிட்டு ஒருநாள் அல்லது இரண்டு நாளுக்கு ஒருமுறை உறவு கொள்வது. விந்தணு பல நாள் உயிரோடு இருப்பதால், கருமுட்டை எந்த நாளில் வந்தாலும் காத்திருக்க ஆள் இருக்கும். ஆறு நாளும் சேர்ந்தாற்போல் தப்பிப் போக வாய்ப்பில்லை. மாதத்தில் பத்து நாள் ஆபீஸ் டூரில் இருப்பவர்கள், வெவ்வேறு ஷிஃப்டில் வேலை பார்ப்பவர்கள், சுழற்சி ஒழுங்கற்றவர்கள் ஆகியோருக்குத்தான் சார்ட் கூடுதல் பலன் தரும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். "ஏங்க, இன்னைக்குக் கோடு வந்திருக்கு, சீக்கிரம் வாங்க" என்று மெசேஜ் வந்ததும், சீஎஸ்டியில் ரயில் பிடிக்க ஓடும் ஆணுக்கு உறவு ஒரு டெட்லைன் ஆகிவிடுகிறது. அந்த அழுத்தத்தில் விறைப்பு சரியாக வராமல் போவது நடப்பதுதான். அதை இருவரும் தோல்வியாக எடுத்துக்கொள்ள வேண்டாம். சார்ட் உங்களுக்குள் சண்டை மூட்டுகிறது என்றால், ஒரு மாதம் அதை மூடி வைப்பதில் நஷ்டம் ஒன்றும் இல்லை.

பலன் உண்டா? ஆதாரம் என்ன சொல்கிறது?

ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2023இல் இதைப் பார்த்தது. 40 வயதுக்குட்பட்ட, ஓராண்டுக்கும் குறைவாக முயன்றுவரும் தம்பதிகளில், குச்சிச் சோதனை பயன்படுத்தாதவர்களின் கருத்தரிப்பு வாய்ப்பு 18% என்றால், பயன்படுத்தியவர்களுக்கு அது 20 முதல் 28% வரை இருக்கலாம். ஆக, உதவி உண்டு, மாயம் இல்லை. வெப்பநிலை, திரவம் பார்க்கும் முறைகளுக்கு, பலன் உண்டு அல்லது இல்லை என்று தீர்ப்புச் சொல்லும் அளவுக்கு ஆதாரம் சேரவில்லை என்றது அதே மதிப்பீடு.

இன்னொரு கணக்கையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு மாதமும் கருத்தரிக்கும் வாய்ப்பு 20% என்று கொண்டால், மூன்று மாத முடிவில் கருத்தரித்திருப்பவர்கள் 49%. ஆறு மாதத்தில் 74%. பன்னிரண்டு மாதத்தில் 93%. அதாவது எந்தக் குறையும் இல்லாத தம்பதிகளில்கூட, முதல் மூன்று மாதத்தில் பாதிப் பேருக்கு 'விசேஷம்' இருக்காது. நிஜத்தில் தம்பதிக்குத் தம்பதி வாய்ப்பு மாறும் என்பதால் எண்கள் சற்றுக் குறையும். 40 வயதுக்குட்பட்டவர்களில் 80 சதவீதத்துக்கும் மேல் முதல் ஆண்டிலும், மீதிப் பேரில் பாதி இரண்டாம் ஆண்டிலும் கருத்தரிப்பதாக பிரிட்டனின் மருத்துவ வழிகாட்டுதல் சொல்கிறது.

சார்ட் சொல்லாத மூன்று விஷயங்கள்

முதலாவது, ஆண். சார்ட் முழுக்கப் பெண்ணின் உடலைப் பற்றியது. தினமும் அவளை அளக்கிறது, குறிக்கிறது, கடைசியில் குற்றவாளிக் கூண்டிலும் அவளையே நிறுத்துகிறது. ஆனால் குழந்தைப்பேறு தாமதமாகும் தம்பதிகளில் ஏறத்தாழ பாதியில் ஆண் தரப்புக் காரணமும் இருக்கிறது. விந்துப் பரிசோதனை ஒரே ஒரு மாதிரியில் முடிகிற, வலியில்லாத, ஒப்பீட்டளவில் மலிவான சோதனை. ஆனாலும் மனைவிக்கு ஒரு வருடம் சார்ட், நாலு ஸ்கேன், ஏழு ரத்தப் பரிசோதனை முடிந்த பிறகுதான் கணவரின் முறை வருவது பல வீடுகளில் வழக்கம். உலக சுகாதார நிறுவனத்தின் 2021 கையேடு ஒரு மில்லிலிட்டருக்கு 1.6 கோடி விந்தணுக்கள் என்ற கீழ்நிலை அளவைக் குறிப்பிடுகிறது. அது பாஸ் மார்க் அல்ல, ஒப்பிட ஒரு அளவு. விந்தணு உருவாக இரண்டரை மாதம் போல ஆகும் என்பதால், இடையில் கடும் காய்ச்சல் வந்திருந்தால் முடிவு குறைந்து காட்டலாம், மறுபடி எடுத்துப் பார்க்க வேண்டும்.

இரண்டாவது, கருக்குழாய். வெப்பநிலைக் கோடு அழகாக ஏறி இறங்கும், குச்சி சரியான நாளில் கோடு காட்டும், ஆனால் குழாய் அடைத்திருந்தால் முட்டையும் விந்தணுவும் சந்திக்கவே முடியாது. இந்தியாவில் இதற்கு முக்கியமான காரணங்களில் ஒன்று இனப்பெருக்க உறுப்புகளைத் தாக்கும் காசநோய். இருமல்கூட இல்லாமல் இருக்கலாம். நெருக்கமான குடியிருப்புகளும் காசநோய்ச் சுமையும் உள்ள மும்பையில் இதை மறக்கக் கூடாது. வீட்டில் யாருக்காவது டி.பி. இருந்திருந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள்.

மூன்றாவது, வயது. 35க்குப் பிறகு கருமுட்டைகளின் எண்ணிக்கையும் தரமும் வேகமாகக் குறையும். சார்ட்டில் அது தெரியாது.

உங்கள் தரவு யாரிடம் போகிறது?

பீரியட்ஸ், உறவு, கர்ப்பம், கருச்சிதைவு. இவ்வளவு அந்தரங்கமான தரவு வேறு எந்த ஆப்பிலும் இருக்காது. ஃப்ளோ என்ற பிரபல ஆப், பயனர்களின் உடல்நலத் தகவலை ஃபேஸ்புக், கூகுள் உள்ளிட்ட நிறுவனங்களுடன் பகிர்ந்ததாக அமெரிக்காவின் வர்த்தக ஆணையம் குற்றம்சாட்டி, 2021இல் அந்த வழக்கு சமரசத்தில் முடிந்தது. இந்தியாவில் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023இல் நிறைவேறியது. ஆனால் 'ஓகே' பட்டனை அழுத்துவதற்கு முன் என்ன அனுமதி கேட்கிறது என்று பார்ப்பது நம் கையில்தான் இருக்கிறது. தொடர்பு எண்கள், இருப்பிடம் எல்லாம் இதற்கு எதற்கு? பால் கணக்கும் சிலிண்டர் தேதியும் குறிக்கும் சுவர் காலண்டரில் ஒரு சின்ன வட்டம் போட்டாலும் அதே வேலை நடக்கும்.

எப்போது டாக்டரைப் பார்க்க வேண்டும்?

35 வயதுக்குக் கீழே என்றால், ஓராண்டு முயன்ற பிறகு. 35 தாண்டியிருந்தால் ஆறு மாதத்தில். 40 என்றால் காத்திருக்கவே வேண்டாம்.

கீழே சொல்வதில் ஏதாவது இருந்தால் வயது எதுவானாலும் உடனே பார்க்கலாம்:

- சுழற்சி 21 நாளுக்குக் குறைவாகவோ 35 நாளுக்கு அதிகமாகவோ இருப்பது, பல மாதம் வராமல் இருப்பது
- பீரியட்ஸின்போது வேலைக்குப் போக முடியாத அளவு வலி
- மூன்று நான்கு மாதச் சார்ட்டில் வெப்பநிலை ஒருமுறைகூட உயராதது
- காசநோய், இடுப்புக்குழித் தொற்று, வயிற்று அறுவை சிகிச்சை ஆகியவை முன்பு நடந்திருப்பது
- கணவருக்கு விரை அறுவை சிகிச்சை, இளம் வயதில் விரையைத் தாக்கிய பொன்னுக்கு வீங்கி, உறவில் சிரமம்

தாராவிக்கும் மாட்டுங்காவுக்கும் அருகிலேயே சயான் லோக்மான்ய திலக் மாநகராட்சி மருத்துவமனை இருக்கிறது. பரேல் கே.இ.எம். மருத்துவமனையும் தூரமில்லை. அறிவியல்பூர்வமாக ஆவணப்படுத்தப்பட்ட இந்தியாவின் முதல் சோதனைக்குழாய்க் குழந்தை 1986 ஆகஸ்ட் 6 அன்று பிறந்தது அங்கேதான், டாக்டர் இந்திரா ஹிந்துஜாவின் குழுவின் கையில். முதல் சந்திப்புக்கே பெரிய தனியார் மையத்துக்குப் போக வேண்டிய அவசியம் இல்லை. அடிப்படைச் சோதனைகளை அரசு, மாநகராட்சி மருத்துவமனைகளின் மகப்பேறு புறநோயாளிப் பிரிவில் தொடங்கலாம்.

போகும்போது இரண்டு விஷயம் செய்யுங்கள். மூன்று மாதச் சார்ட்டை எடுத்துச் செல்லுங்கள், தேதிகள் மட்டும் இருந்தாலும் போதும். கணவரையும் அழைத்துச் செல்லுங்கள். முயலத் தொடங்கும்போதே தினமும் 400 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலம் எடுப்பது பற்றியும் கேளுங்கள். குழந்தையின் தண்டுவடக் குறைபாட்டைத் தடுக்க அது கர்ப்பத்துக்கு முன்பிருந்தே தேவை.

நீங்கள் தனியாக இல்லை. உலகில் ஆறு பேரில் ஒருவர் வாழ்நாளில் ஏதோ ஒரு கட்டத்தில் கருத்தரிப்புச் சிக்கலைச் சந்திக்கிறார் என்று உலக சுகாதார நிறுவனம் 2023இல் சொன்னது. உங்கள் ஆபீஸ் லன்ச் மேசையில் ஆறு பேர் உட்கார்ந்தால், அதில் ஒருவர் இதைச் சொல்லாமல் சாப்பிட்டுக்கொண்டிருக்கக்கூடும்.

அடுத்த முறை யாராவது "ஏதாச்சும் விசேஷம் உண்டா?" என்று கேட்டால், பதில் சொல்ல வேண்டிய கட்டாயம் உங்களுக்கு இல்லை. அந்தக் கேள்வியை இதுவரை கேட்டுக்கொண்டிருந்தவர் நீங்கள் என்றால், அடுத்த முறை "சாப்பிட்டியாம்மா?" என்று மட்டும் கேட்டுவிடுங்கள்.